ஸ்பீக்கர் பெட்டி ஃபைலுக்குள் போன கதை

"மலருக்கு ஏதாவது எழுதும்வே" என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டார். "என்ன எழுத அண்ணாச்சி, எனக்குத் தெரிஞ்சது சவுண்டு ஒண்ணுதானே?" என்றேன். "அதையே எழுதும்" என்று வைத்துவிட்டார். ஆகவே நண்பர்களே, பொறுத்தருள்க.

நம் கல்லூரி இசைக்குழுவின் பேஸ் பெட்டி நினைவிருக்கிறதா? இடுப்புயரம், கறுப்பு ரெக்ஸின் ஒட்டியது, உள்ளே 15 இஞ்ச் வூஃபர். தென்காசி ஆசாரி ஒருவர் பிளைவுட்டில் அடித்துக் கொடுத்தது. காலேஜ் டே அன்று மேடையேற்ற இரண்டு பேர் வேண்டும். கீழ் ஸ்தாயியில் வாசித்தால் எங்கேயோ ஒரு ஸ்குரூ 'கிர்ர்' என்று கூடவே பாடும். சாரல் காலத்தில் பெட்டியின் குரலே மாறிவிடும். காகிதக் கூம்பு ஈரம் குடித்துக் கனத்துப்போகிறது என்பது வேலைக்குப் போன பிறகுதான் எனக்கு விளங்கியது.

2024 ஜூலையில் குற்றாலம் குளிக்க வந்தவன் கல்லூரிக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். பெட்டி, உடைந்த பெஞ்சுகளோடு காயலான் கடைக்குப் போகக் காத்திருந்தது. மனசு கேட்கவில்லை. அதன் குரலையாவது ஃபைலாக்கி எடுத்துப் போகலாம் என்று தோன்றியது. அந்த வித்தை வந்த வரலாறுதான் இக்கட்டுரை.

கிட்டார் ஸ்பீக்கர் என்பது உள்ளபடி ஒரு குறையுள்ள ஸ்பீக்கர். 12 இஞ்ச் கூம்பு சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று கைவிட்டுவிடும். அந்தக் குறைதான் ருசியே! டிஸ்டார்ஷன் போட்ட கிட்டாரைப் பெட்டி இல்லாமல் நேரே மிக்ஸரில் சொருகிப் பாருங்கள், குளவிக் கூட்டம் காதைக் குடைகிற மாதிரி இருக்கும். அதனால் பெட்டியை அலற விட்டு, முன்னால் மைக் வைத்துப் பதிவு செய்தார்கள். பக்கத்து வீட்டார் பாடு திண்டாட்டம்.

1982-ல் டாம் ஷோல்ஸ் 'ராக்மேன்' என்றொரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தார். 'பாஸ்டன்' இசைக்குழுவின் கிட்டார் கலைஞர், எம்.ஐ.டி.யில் படித்த மெக்கானிக்கல் இன்ஜினியர். (மெக்கானிக்கல் பசங்க காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம்.) 1989-ல் 'சான்ஸ்ஆம்ப்' வந்தது. இரண்டும் ஃபில்டர் சர்க்யூட்டால் பெட்டியைப் போலி செய்தவை. ஜாடை இருக்கும், ஆள் இருக்காது.

ஆளையே பிடிக்கும் வழி வேறு. தென்காசி காசி விசுவநாதர் கோயில் மண்டபத்தில், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து ஒரு கைதட்டு தட்டுங்கள். தட்டு ஒரு நொடிக்குள் முடிந்துவிடும், ஆனால் கல்லும் தூணும் அதை இழுத்து இழுத்துத் திருப்பித் தரும். அந்த வால்தான் மண்டபத்தின் கையெழுத்து, அதாவது இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். எந்த ஓசையையும் சின்னதும் பெரிதுமான ஆயிரக்கணக்கான கைதட்டுகளின் வரிசையாகப் பாவித்து, ஒவ்வொன்றுக்கும் அந்த வாலைக் கட்டி, எல்லாவற்றையும் கூட்டினால், அவ்வோசை மண்டபத்தில் எப்படிக் கேட்குமோ அப்படியே வரும். இதற்குப் பெயர் கன்வல்யூஷன். ஸ்பீக்கர் பெட்டிக்கும் இதே கணக்குத்தான், வால் மட்டும் மிகக் குட்டை.

கணக்குத்தான் எமன். நொடிக்கு 48,000 சாம்பிள், வால் அரை நொடி என்றால் 24,000 புள்ளி. பெருக்கினால் நொடிக்கு 115 கோடிப் பெருக்கல்! 1965-ல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட ஃபாஸ்ட் ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் (ஆமாம், நம்மில் பலர் அரியர் வைத்த அதேதான்) இந்தச் சுமையை வெகுவாகக் குறைத்தது. ஆனால் அது ஒரு கொத்து சாம்பிள் சேர்ந்த பிறகே வேலையைத் தொடங்கும், தந்தியை மீட்டியவன் காத்திருக்க வேண்டும். 1995-ல் வில்லியம் கார்ட்னர் வாலின் தொடக்கத்தை நேரடியாகவும், மிச்சத்தைப் போகப் போகப் பெரிதாகும் துண்டுகளாகவும் கணக்கிட்டுத் தாமதத்தை ஒழித்தார். 1999-ல் சோனி இவ்வகை எதிரொலிக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கிட்டார்காரர்களுக்கு 2006-ல் 'ஆக்ஸ்-எஃப்எக்ஸ்' வந்தது. 2017-ல், 1924 முதல் ஸ்பீக்கர் செய்துவரும் இங்கிலாந்தின் செலஸ்டியன் கம்பெனியே தன் ஸ்பீக்கர்களின் ஃபைல்களை விற்க ஆரம்பித்தது.

இதற்கிடையே 2000-ல் இத்தாலியின் ஏஞ்சலோ ஃபரினா சொன்ன முறையைத்தான் நான் நம் பெட்டியிடம் காட்டினேன். கைதட்டுக்குப் பதில், 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறிச்செல்லும் ஒரு நீண்ட விசில். அதைப் பெட்டியில் பாடவிட்டு, மைக்கில் பதிந்து, கணினியில் தலைகீழாக்கிச் சுருட்டினால் இம்பல்ஸ் கிடைக்கும். தகரக் கூரையில் சாரல் விழுந்துகொண்டே இருந்தது. மழை விட்ட பத்துப் பத்து நிமிஷமாகப் பார்த்து, ராத்திரி பதினொரு மணிக்கு முடித்தேன். இரண்டு ஆள் தூக்கிய பெட்டி இப்போது 72 கிலோபைட்.

வீட்டுக்கு வந்து பேஸ் கிட்டாரைச் சொருகினேன். அதே கனம், அதே அடிவயிற்று ஓசை. ஆனால் 'கிர்ர்' இல்லை!

யோசித்ததும் புரிந்தது. கன்வல்யூஷன், நேர்விகிதத்தில் நடப்பதை மட்டுமே அறியும். அடித்து வாசித்தால் மட்டும் அதிரும் ஸ்குரூ அந்தக் கணக்குக்குள் வராது. ஃபரினா முறையின் பெருமையே, அவ்வகை டிஸ்டார்ஷன்களைத் தனியே பிரித்து முன்னால் ஒதுக்கிவிடுவதுதான். ஒதுங்கியதை நானே கத்தரித்து எறிந்திருக்கிறேன். நமக்கு அந்தப் பெட்டியில் எது ஞாபகமோ, சரியாக அதை!

மறுநாள் காலை ஒரு லோடு ஆட்டோ பிடித்துப் பெட்டியையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. மலர் வெளியீட்டு விழா மேடைக்குக் கேட்டிருக்கிறார் செயலாளர், தருகிறேன். ஸ்குரூவை மட்டும் யாரும் முடுக்க வேண்டாம்.