புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் பழகிய வரலாறு

இந்த முறை ஒரு வரலாற்றுக் கட்டுரை. பயப்படாதீங்க, ராஜா, போர், கல்வெட்டு எதுவும் கிடையாது. சைக்கிள் பற்றிய வரலாறு :-)

நம்ம குச்சனூர், சின்னமனூர் பக்கம் நாற்பது ஐம்பது வயது ஆண்கள் யாரிடமாவது "சைக்கிள் எப்படிப் பழகினீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குக் கதை வரும். வாடகை சைக்கிள் கடை, சீட்டு எட்டாமல் பாருக்குக் கீழே காலை விட்டு ஓட்டிய குரங்கு பெடல், வாய்க்காலுக்குள் விழுந்தது, முழங்கால் சிராய்ப்பு என்று சொல்லிக்கொண்டே போவார்கள். இதே கேள்வியை அதே வயதுப் பெண்களிடம் கேட்டால், நிறைய பேரிடமிருந்து வரும் பதில் ஒரே வரிதான்: "எங்களை யாரு விட்டா?"

அப்படி 'விடாத' காலத்தில், நம் தமிழ்நாட்டிலேயே ஒரு மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்றால் நம்புவீர்களா? அந்த மாவட்டம் புதுக்கோட்டை. காலம் 1990களின் தொடக்கம்.

அதற்கு முன் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம்.

இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் வடிவம் 1885ல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் செய்த 'ரோவர்' சைக்கிளிலிருந்து வந்தது. அதற்கு முன் பிரபலமாக இருந்தது, முன்சக்கரம் ஆள் உயரத்துக்கும் பின்சக்கரம் சின்னதாகவும் இருந்த வண்டி. பாவாடை கட்டிக்கொண்டு அதில் ஏற முடியாது. ஏறி விழுந்தால் தலைதான் முதலில் தரையில் படும். ஸ்டார்லியின் வண்டியில் ஏறக்குறைய சம அளவுள்ள இரண்டு சக்கரம், பின்சக்கரத்துக்குச் செயின். 1888ல் டன்லப்பின் காற்றடைத்த டயரும் வந்தது. பெண்களும் ஏற ஆரம்பித்தார்கள். பிரான்சஸ் வில்லார்டு என்ற அமெரிக்க சமூக சீர்திருத்தவாதி 53 வயதில் சைக்கிள் பழகினார்! பழகிய அனுபவத்தை 1895ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். பெண் விடுதலைக்கு உலகில் வேறு எதையும் விட அதிகம் செய்தது சைக்கிள்தான் என்று சூசன் பி. அந்தோணி 1896ல் சொன்னார்.

ஆனால் அங்கே முதலில் சைக்கிள் ஏறியவர்களில் பெரும்பாலோர் காசுள்ள வீட்டுப் பெண்கள். புதுக்கோட்டையின் சிறப்பு வேறு. இங்கே ஏறியவர்கள் வயலில் நாற்று நட்டவர்கள், குவாரியில் கல் உடைத்தவர்கள்.

1988ல் மத்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 1990ல் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்த்து 1991ல் புதுக்கோட்டையிலும் 'அறிவொளி இயக்கம்' தொடங்கியது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். படிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சொல்லித்தர வந்த தொண்டர்களிலும் ஏராளமான பெண்கள்.

அங்கேதான் சிக்கல். பஸ் எப்போதாவது வரும் ஊர்களில் ஒரு பெண் தொண்டர் ஒரு கிராமத்திலிருந்து இன்னொரு கிராமத்துக்கு எப்படிப் போவது? அண்ணனோ, அப்பாவோ, கணவரோ சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனால்தான் உண்டு. அவர்களுக்கு நேரமில்லை என்றால் வகுப்பும் இல்லை. எழுத்துக் கற்றுக்கொண்டு என்ன பயன், அடுத்த ஊருக்குப் போக இன்னொருவர் தயவு வேண்டும் என்றால்? ஷீலா ராணி இதைப் புரிந்துகொண்டு, சைக்கிள் பழகுவதையும் அறிவொளியின் ஒரு பகுதியாகவே சேர்த்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்தார். ஊர் ஊராகப் பயிற்சி முகாம்கள் நடந்தன. அறிவொளி ஊழியர் முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு மாவட்டம் முழுக்கப் பரவியது.

சைக்கிள் பழகும்போது என்ன நடக்கிறது என்று கொஞ்சம் யோசியுங்கள். வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்பினால்தான் நிமிரும். ஆனால் பயத்தில் நாம் எதிர்ப்பக்கம் திருப்புவோம். வேகமாகப் போனால் நிற்கும், மெதுவாகப் போனால் ஆடும். பயமோ மெதுவாகவே போகச் சொல்லும்! ஆக, விழாமல் யாரும் பழக முடியாது. ஒரு பையன் தெருவில் விழுந்தால் ஊர் சிரித்துவிட்டு மறந்துவிடும். சேலை கட்டிய ஒரு பெண் விழுந்தால்? ஊர் சும்மா விடுமா? "இதெல்லாம் உனக்குத் தேவையா?" என்ற ஒரு கேள்வி போதும், அவள் மறுநாள் வரமாட்டாள்.

புதுக்கோட்டையில் உடைந்தது இதுதான் என்று நான் நினைக்கிறேன். தனியாக ஒருத்தி விழவில்லை, கூட்டமாக விழுந்தார்கள். கூட்டமாகவே எழுந்தார்கள். ஆரம்பத்தில் ஆபாசமான கேலிப் பேச்சுக்கள் நிறையவே இருந்தன. ஆனால் ஒரு ஊரில் ஒருத்தி சைக்கிள் ஓட்டினால்தான் அது வேடிக்கை. ஐம்பது பேர் ஓட்டினால் அது போக்குவரத்து! ஓட்டப் பழகியவர்களே அடுத்தவர்களின் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி, சொல்லிக்கொடுத்தார்கள்.

1992ல் மகளிர் தினத்தையொட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரில் ஊர்வலம் போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியதால் (அவருடைய 1996 புத்தகத்திலும் இது உண்டு) வெளி உலகத்துக்குத் தெரிந்தது. பத்து வயதுக்குக் குறைந்த சிறுமிகளை விட்டுவிட்டுப் பார்த்தால், மாவட்டத்தின் கிராமப்புறப் பெண்களில் சுமார் நான்கில் ஒருவர் சைக்கிள் பழகியிருந்தார்கள் என்பது அவர் கணக்கு.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பெண்கள் காத்திருக்கவில்லை, ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். சிலர் அதைத்தான் விரும்பினார்கள். ஏன் தெரியுமா? முன்னால் உள்ள பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம். விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகலாம், பஸ்ஸுக்காக நிற்க வேண்டாம், வேலை முடிந்து சீக்கிரம் வீட்டுக்கு வரலாம். 'விடுதலை' என்று நாம் பெரிய வார்த்தையில் சொல்வது அவர்களுக்குத் தினமும் மிச்சமான நேரமாகத்தான் கையில் கிடைத்தது.

இதனால் கூலி உயர்ந்துவிட்டதா, நிலம் கிடைத்துவிட்டதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சைக்கிள் அதையெல்லாம் தராது. ஆனால் கூலி கேட்க, மனு கொடுக்க, கூட்டத்துக்குப் போக முதலில் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அதற்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பது சின்ன விஷயமா?

பின்னாளில் அரசுகளும் இதை வேறு வழியில் செய்தன. தமிழ்நாட்டில் 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் வழங்கத் தொடங்கி, பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிவாக்கினார்கள். பீகாரில் 2006ல் மாணவிகளுக்கு இதே போன்ற திட்டம் வந்தது. அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேர்க்கை 32 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம்.

இருந்தாலும் ஒரு வித்தியாசம் உண்டு நண்பர்களே. பள்ளியில் கொடுக்கும் சைக்கிள் பதினாறு வயதுப் பெண்ணுக்கு. அவளுடைய அம்மாவுக்கு யார் கொடுப்பார்கள்? புதுக்கோட்டையில் அம்மாக்களும் ஏறினார்கள். சைக்கிள் வாங்கிக் கொடுக்க ஒரு அரசாணை போதும். விழுந்தால் சிரிக்காமல் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வர மனுஷங்கதான் வேண்டும்.