வெற்றிலை சப்பிய மீன்

சென்ற தவணை தொடங்கியபோது பழைய மாணவர்கள் சிலர் எங்கள் பாடசாலைக்கு ஒரு மீன் தொட்டி வாங்கித் தந்தார்கள். மூன்றடி நீளம். ஏறத்தாழ 150 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். விஞ்ஞான கூடத்தில் வெயில் படாத சுவரோரம் அதை வைத்தோம். என்ன மீன் விடலாம் என்று தரம் 7 பிள்ளைகளிடம் கேட்டபோது, போனில் பார்த்த படங்களை வைத்து நீண்ட பட்டியலொன்று கொண்டு வந்தார்கள். நியோன் டெட்ரா, டைகர் பார்ப், கப்பி, ஏஞ்சல். பெரும்பாலும் தூர நாட்டு மீன்கள்.

ருவன்வெல்லைப் பக்கமிருந்து வரும் ஒரு பிள்ளை மட்டும் எழுந்து கேட்டான்: "சேர், எங்கட ஊட்டுக்குப் பின்னால ஓடையிலயும் செவப்பு மீன் ஈக்குதே, அது ஏன் இந்த லிஸ்ட்ல இல்ல?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. அதைத் தேடிப் போனபோது கிடைத்த கதைதான் இது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் பழக்கம் இன்றைய உருவத்தில் தொடங்கி இன்னும் இருநூறு ஆண்டுகூட ஆகவில்லை. 1850 இல் லண்டனில் ரொபர்ட் வாரிங்டன் என்ற இரசாயனவியலாளர், தங்கமீன்களோடு நீர்த்தாவரமும் நத்தையும் சேர்த்து வைத்தால் தண்ணீர் நீண்ட நாள் கெடாமல் இருக்கும் என்பதைப் பரிசோதித்து எழுதினார். 1853 இல் லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன்சாலை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் கொஸ் எழுதிய நூல் அந்த ஆசையை வீடுகளுக்குள் கொண்டு போனது.

அங்கே குளிர். வெப்பநாட்டு மீன்களை வைத்திருக்க வேண்டுமென்றால் தொட்டிக்குக் கீழே விளக்கெரித்துத் தண்ணீரைச் சூடாக்க வேண்டும். கப்பலில் வாரக்கணக்காகத் தகரப் பாத்திரங்களில் வரும் மீன்களில் பல வழியிலேயே செத்துப்போகும். ஆகவே ஆரம்பத்தில் இது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்காகவே இருந்தது. பிறகு மின்சாரச் சூடாக்கியும் விமானமும் ஒட்சிசன் அடைத்த பொலித்தீன் பையும் வந்தன. விரலளவு மீன்கள் உலகத்தைச் சுற்றத் தொடங்கின.

பிள்ளைகளின் பட்டியலில் முதலாவதாக இருந்த நியோன் டெட்ராவின் கதையும் அந்தக் காலத்தோடு சேர்ந்ததுதான். 1930களின் நடுப்பகுதியில் ஒகுஸ்த் ரபோ என்ற பிரெஞ்சுக்காரர் மேல் அமேசன் காட்டு நீரோடைகளில் இந்த மீனைப் பிடித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1936 இல் அமெரிக்க மீனியலாளர் ஜோர்ஜ் மையர்ஸ் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். பெயரில் வரும் 'இன்னெசி' என்பது, பிலடெல்பியாவில் மீன்வளர்ப்புச் சஞ்சிகை நடத்திய வில்லியம் இன்னெஸ் என்பவரைக் குறிக்கும். இன்று கடைகளில் நாம் காணும் நியோன்களில் மிகப் பெரும்பாலானவை அமேசனைக் கண்டதே இல்லை. ஆசியப் பண்ணைகளில் பிறந்தவை அவை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நியோனுக்குப் பெயர் வைப்பதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1929 இல், நம் தென்மேற்கு ஓடைகளிலிருந்து ஒரு சின்னஞ்சிறு மீன் விஞ்ஞான உலகத்துக்கு அறிமுகமானது. அதைச் செய்தவர் பிற்காலத்தில் கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த பி.ஈ.பி. தெரணியகல. கிராமத்துச் சிங்கள மக்கள் அதை 'லே தித்தயா' என்பார்கள். 'லே' என்றால் இரத்தம். வளர்ந்தாலும் ஐந்து சென்ரிமீற்றர்தான். இனப்பெருக்க காலத்தில் ஆண் மீன் உடம்பு முழுக்கச் சிவந்துவிடும். தெரணியகல அந்த ஊர்ப்பெயரையே எடுத்து 'புன்டியஸ் தித்தெயா' என்று எழுதினார். மீன் வியாபாரிகள் அதற்கு 'செரி பார்ப்' என்று பெயர் வைத்தார்கள். நம் ஓடைக்கரையில் செரிப்பழம் எங்கே பழுக்கிறது? ஆனாலும் உலகம் முழுக்க அந்தப் பெயர்தான் நிலைத்தது.

அடுத்த ஆண்டே, 1930 இல், அவர் இன்னொரு மீனையும் எழுதினார். சிங்களத்தில் 'ஹல் மல் தண்டியா'. ஹல் மரத்தின் பூவைப் போன்ற மீன் என்று பொருள். விஞ்ஞானப் பெயரான 'வட்டெரிபுளோரிஸ்' என்பதும் அதே பொருள்தான். ஹல் மரத்தின் இனப்பெயர் வட்டெரியா. நிழல் மூடிய மலையடி ஓடைகளில் பொன்னிறமாக ஓடும் மீன் இது.

இவை இரண்டுக்கும் முன்பே, 1868 இல், லண்டன் பிரித்தானிய நூதனசாலையின் அல்பேர்ட் குந்தர் விவரித்த இலங்கை மீனொன்று உண்டு. கடையில் அதன் பெயர் 'பிளாக் ரூபி பார்ப்'. கிராமத்தில் அதன் பெயர் 'புலத் ஹபயா', அதாவது வெற்றிலை சப்புபவன். ஆண் மீனின் முகமும் முன்னுடம்பும் இரத்தச் சிவப்பாக, பின்பக்கம் கறுப்பாக மாறும்போது, வாய் நிறைய வெற்றிலை போட்ட பெரியவரைப் போலத்தான் இருக்கும். இந்தப் பெயரைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. எங்கட மூத்தம்மா மாதிரி என்றது ஒரு பிள்ளை. இரத்தினக்கல் பெயரைவிட இந்தப் பெயரில் மீன் தெளிவாகத் தெரிகிறது.

2012 இல் நம் நாட்டு ஆய்வாளர்கள் இந்தச் சிறு மீன்களை மறுபடி வகைப்படுத்தியபோது புலத் ஹபயாவின் பேரினத்துக்குப் 'பெத்தியா' என்று பெயரிட்டார்கள். அதுவும் சிங்கள ஊர்ச்சொல்தான். இந்தக் கதையில் எங்களை யோசிக்க வைத்தது இந்த இடம்தான். தமிழ் பேசும் நம் பிள்ளைகளுக்கு இவை எல்லாமே 'குட்டி மீன்'. பெயர் தெரியாத ஒன்று காணாமற் போனால் யார் தேடுவார்கள்?

காணாமற் போகும் நிலை வந்ததும் உண்மை. அழகான மீன்கள் ஓடைகளிலிருந்து பிடித்து ஏற்றுமதி செய்யப்பட்டன. புலத் ஹபயா அதில் நன்றாக அடிபட்டது. மறுபக்கம் காடு வெட்டப்பட்டு ஓடைகளின் நிழல் போனது. மாணிக்கம் தோண்டிய சேறு கலந்தது. வயலுக்கும் தோட்டத்துக்கும் அடித்த மருந்து வடிந்து வந்தது. 1991 இல்தான் விஞ்ஞானப் பெயர் பெற்ற 'பந்துல பெத்தியா' எங்கள் கேகாலை மாவட்டத்துக் கலபிட்டமடப் பக்கத்து மீன். வயலுக்கும் இறப்பர் தோட்டத்துக்கும் நடுவே போகும் சிறு ஓடையொன்றில்தான் அதைக் கண்டார்கள். அழியும் ஆபத்து மிகக் கூடிய இனங்களின் வரிசையில் அது இருக்கிறது. 1993 இல் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டபோது சில நன்னீர் மீன்களும் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் ஏறின. ஆகவே ஓடையில் வலை போட்டு இஷ்டத்துக்கு அள்ளி வந்து தொட்டியில் விடுவது பிள்ளை விளையாட்டல்ல என்பதை வகுப்பில் முதலில் சொல்லிவிட்டோம்.

இனி எங்கள் பிழையைச் சொல்ல வேண்டும். மேலே எழுதிய எதையும் படிக்காமல், பிள்ளைகளின் அவசரத்துக்கு இணங்கி, டவுனில் ஒரு கடையில் நியோன் நாலு, டைகர் பார்ப் மூன்று, கப்பி நாலு, ஏஞ்சல் இரண்டு, மொத்தம் 13 மீன் வாங்கினோம். தண்ணீர் நிரப்பி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. ஒரு மாணவி வரவு இடாப்பு மாதிரி மீன்களுக்கும் ஒரு கொப்பி போட்டு ஒவ்வொரு காலையும் எண்ணி எழுதினாள். திங்கட்கிழமை 13. புதன்கிழமை 11. டைகர் பார்ப் கப்பியின் வாலைக் கடித்துத் தின்றது. மறு திங்கட்கிழமை நியோன் ஒன்றுகூட இல்லை. அந்த வெள்ளிக்கிழமை மிச்சம் 4. அவள் கொப்பியோடு வந்து, "சேர், இதுக்கு 'வராதவர்' என்டு போடுறதா, 'விலகியவர்' என்டு போடுறதா?" என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. கண் கலங்கியிருந்தது. வாயில்லா ஜீவனைப் பொறுப்பெடுத்தால் அது அமானிதம் என்று அவளுக்கு நாங்கள்தானே சொல்லிக் கொடுத்தோம்.

பிழை மூன்று. முதலாவது தண்ணீர். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. அதை நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் வடிகட்டியில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் வேண்டும். நைதரசன் வட்டத்தைக் கரும்பலகையில் வரைந்த நாங்களே அதைத் தொட்டியில் மறந்துவிட்டோம்.

இரண்டாவது சேர்க்கை. ஏஞ்சல் கையகலம் வளரும் மீன். அதன் சொந்த ஊரிலும் நியோன் போன்ற குட்டி மீன்கள் அதற்கு இரை. கடையில் காணும் அளவைப் பார்க்காமல் வளர்ந்தபின் வரும் அளவைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிய பிழை. கூட்டமாக வாழும் மீனை இரண்டு மூன்றாக வாங்கியது. கூட்டம் அதற்கு அலங்காரமல்ல, உயிர்க்காப்பு. பலவற்றின் நடுவே இருந்தால் வேட்டை மீனுக்கு ஒன்றைக் குறிவைப்பது கடினம். ஒவ்வொன்றும் தன் ஆபத்தைக் குறைக்க மற்றவற்றின் நடுவே நுழையப் பார்ப்பதாலேயே கூட்டம் உருவாக முடியும் என்று 1971 இல் டபிள்யூ.டி. ஹமில்டன் விளக்கினார். 1976 இல் விஞ்ஞானிகள் மூவர் ஒரு வகைக் கடல்மீனின் கண்களை மறைத்து விட்டுப் பார்த்தார்கள். அப்போதும் அது கூட்டத்தோடு சேர்ந்து நீந்தியது. மீனின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு என்ற உணர்வுறுப்பால் பக்கத்தில் நீந்துபவரின் அசைவை அது அறிகிறது. இப்படிப் படைக்கப்பட்ட ஒன்றை இரண்டு மூன்றாகக் கண்ணாடிக்குள் விட்டால் அது எப்போதும் பயத்திலேயே இருக்கும். நிறம் மங்கும், தின்னாது, ஒளியும். டைகர் பார்ப் போன்றவை பயத்துக்குப் பதிலாக மற்றவற்றைக் கடிக்கும். ஒரே இனத்தில் ஆறுக்குக் குறையக் கூடாது. பத்துக்கு மேல் என்றால் நல்லது.

பிழைத்த நாலையும் வீட்டில் தொட்டி வைத்திருக்கும் ஒரு சக ஆசிரியரிடம் ஒப்படைத்தோம். இரண்டாம் முறை தண்ணீரை ஆறு வாரம் ஓட விட்டோம். தினமும் கொஞ்சம் மீன் தீன் மட்டும் போட்டு, பரிசோதனைத் திரவத்தால் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாகும் வரை பார்த்தோம். பிறகு வகுப்பில் வாக்கெடுப்பு. பல இனம் வேண்டாம், ஒரே இனத்தில் நிறைய என்று முடிவானது. எந்த இனம் என்பதற்கு ருவன்வெல்லைப் பிள்ளையின் கேள்விதான் பதில்: லே தித்தயா. எங்கள் ஈரவலயக் கிணற்றுத் தண்ணீர் மென்மையானது. இந்த மீனும் அப்படியான தண்ணீரில் பிறந்து வளர்ந்த இனம். சூடாக்கியே தேவையில்லை. நீர்த்தாவரத்துக்கு நடுவே முட்டையிட்டு இலகுவாகப் பெருகும் என்பதால் பண்ணைகளில் வளர்க்கிறார்கள். ஓடையில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்று விற்பவரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே வாங்கினோம். பெண் 9, ஆண் 5. மொத்தம் 14.

நியோனைப் போல இறுக்கமாக அணிவகுக்கும் மீனல்ல இது. தளர்வாக, பெருநாள் தொழுகை முடிந்து கலையும் சனம் மாதிரித் திரியும். பாசி நிறைய வைத்து வெளிச்சத்தைக் குறைத்தோம். மூன்றாம் வாரம் ஆண் மீன்கள் ஒன்றுக்கொன்று போட்டியாகச் சிவக்கத் தொடங்கின. கொப்பியில் இன்று வரை 14.

ருவன்வெல்லைப் பிள்ளை தொட்டி முன்னால் வெகு நேரம் நின்றான். "இது எங்கட ஓடை மீன்தான் சேர்" என்றான். பிறகு, "வளர்ந்த பொறகு ஓடையிலயே கொண்டு போய் விடுவமா?" என்றான். கூடாது என்று சொல்வதற்கு எங்களுக்கே மனம் வரவில்லை. ஆனால் சொல்லத்தான் வேண்டியிருந்தது. பண்ணையில் பல தலைமுறை வளர்ந்த மீன் எந்த ஓடையின் வழி வந்தது என்பது தெரியாது. தொட்டி நோயையும் கூடவே கொண்டு போகும். அங்கே மிச்சமிருக்கும் சொந்தங்களுக்கு அதுவே ஆபத்து. ஓடையிலிருந்து உலகத் தொட்டிகளுக்குப் போன இந்த மீன், எங்கள் வகுப்பறை வரை திரும்பி வந்துவிட்டது. கடைசி நாலு மைல்தான் அதற்குப் பாதை இல்லை.

ஆகவே மீனை ஓடைக்குக் கொண்டு போகாமல் பிள்ளைகளைக் கொண்டு போனோம். போன மாதம் ஒரு சனிக்கிழமை, பெற்றோர் அனுமதியோடு. வலை இல்லை, போத்தல் இல்லை. பாலத்தடியில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்ததில் கொப்பிக்காரி ஒன்பது எண்ணினாள். வெயில் விழும் இடத்தில் ஒன்றுமில்லை. மரம் கவிந்திருந்த இடத்தில்தான் ஒன்பதும். அந்த மரத்தை வெட்ட வேண்டாம் என்று காணிக்காரரிடம் கேட்கப் போவது யார் என்பதுதான் இப்போது வகுப்பில் நடக்கும் விவாதம்.

உங்கள் ஊர் ஓடைகளிலும் இந்த மீன்கள் இருக்கலாம். உங்கள் உம்மாவோ மூத்தம்மாவோ அவற்றுக்கு ஏதாவது பெயர் சொல்லியிருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் பெயர்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம்.