மலை மேல் நட்ட காடு

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் ஏறி நின்று மேற்கே பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால், வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் அப்பால் நீல நிறத்தில் ஒரு பெரிய சுவர் தெரியும். அதுதான் பழனி மலைத்தொடர். ஏறத்தாழ 2,000 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ளது. கோடை விடுமுறையில் சமவெளி வெயில் தாங்காமல் நாம் பஸ் ஏறிப் போகும் கொடைக்கானல் அதன் மேல்தளத்தில் இருக்கிறது.

போய் வந்தவர்கள் பலரிடமும் ஒரு புகைப்படம் இருக்கும். வரிசை வரிசையாக நிற்கும் பைன் மரங்களுக்கிடையே குடும்பத்தோடு எடுத்துக்கொண்ட படம். "என்ன அருமையான இயற்கைக் காடு!" என்று அதைக் காட்டிச் சொல்வார்கள். அந்தப் பைன் மெக்சிகோ நாட்டு மரம். பக்கத்தில் தைல மணம் வீசும் யூகலிப்டஸும், மஞ்சள் பூப் பூக்கும் வாட்டிலும் ஆஸ்திரேலியாவின் மரங்கள். படகு விடும் ஏரியோ, ஓடைக்குக் குறுக்கே கரை கட்டியதால் உண்டானது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இவற்றுள் ஒன்றுகூட அங்கே கிடையாது. அப்படியானால் அங்கே என்ன இருந்தது? இவை எதற்காக வந்தன? இவற்றுக்கும் நம் ஊர்க் குழாயில் வரும் தண்ணீருக்கும் என்ன தொடர்பு? இவற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

புல்லும் சோலையும்

பழனி மலையின் உயர்ந்த பகுதிகளின் இயல்பான தோற்றம் இரண்டு பொருள்களால் ஆனது. அலை அலையான மேடுகளிலும் சரிவுகளிலும் புல்வெளி. மேடுகளுக்கிடையே உள்ள மடிப்புகளில், ஓடைகளை ஒட்டி, குட்டையான மரங்கள் நெருங்கி வளர்ந்த சிறு சிறு காடுகள். இந்தக் காட்டுக்குச் 'சோலை' என்று பெயர். நம்முடைய இந்தச் சொல்லையே உலகெங்கும் உள்ள தாவர நூலார் எடுத்துக்கொண்டு, ஆங்கிலத்திலும் அப்படியே எழுதி வருகிறார்கள். பளியர் முதலான பழங்குடியினரும், பூம்பாறை, வில்பட்டி போன்ற மலைக் கிராமங்களின் உழவர்களும் இந்த நிலத்தோடுதான் வாழ்ந்து வந்தார்கள்.

மழை நன்றாகப் பெய்யும் இடத்தில் மரம் ஏன் எங்கும் பரவவில்லை? மடிப்பில் மட்டும் மரம், சரிவில் புல் என்று இயற்கை ஏன் பிரித்து வைத்தது? இதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் முக்கியமானது உறைபனி. இது என் பாடத்துக்குள் வருவதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கொடைக்கானல் திண்டுக்கல்லைவிட ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. பெருக்கிப் பார்த்தால் 12 டிகிரி வருகிறது. அந்தப் பன்னிரண்டு டிகிரிக்காகத்தான் நாம் அவ்வளவு தூரம் போகிறோம்! ஆனால் மார்கழி, தை மாதங்களின் மேகமற்ற இரவுகளில் இன்னொன்றும் நடக்கிறது. பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை கதிர்வீச்சாக வானத்துக்குத் திருப்பி விடுகிறது. தடுக்க மேகம் இல்லை. மலைக் காற்றில் ஈரமும் குறைவு. அதனால் தரையும் புல்லும் காற்றைவிட வேகமாகக் குளிர்கின்றன. ஆள் உயரத்தில் மாட்டிய வெப்பமானி நான்கைந்து டிகிரி காட்டும்போதே, புல் நுனியில் நீர் உறைந்து வெள்ளையாகப் படிந்திருக்கும். திறந்த வெளியில் முளைத்த சோலை மரக் கன்று இதில் கருகிவிடும். புல்லுக்கு அப்படியில்லை. மேலே உள்ள தாள் கருகினாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். சோலைக்குள் முளைத்த கன்றுக்கு மேலே இலைக் கூரை இருப்பதால், அது பிழைத்துக்கொள்கிறது.

ஆகவே அந்தப் புல்வெளி, காட்டை வெட்டியதால் மிஞ்சிய பொட்டல் அல்ல. இதற்கு நீலகிரியிலிருந்து அழகான சான்று உண்டு. அங்கே சதுப்புகளில் ஆண்டாண்டுகளாக மட்கிப் படிந்த கரி மண்ணைத் தோண்டி, அதில் கார்பன்-13 என்ற ஐசோடோப்பின் விகிதத்தை அளந்தார்கள். வெப்ப நாட்டுப் புற்கள் கார்பனைச் சேர்க்கும் முறை வேறு, மரங்கள் சேர்க்கும் முறை வேறு. அதனால் மண்ணிலுள்ள விகிதத்தைப் பார்த்தே, அங்கே வளர்ந்தது புல்லா, மரமா என்று கூறிவிடலாம். 1993-ல் வெளியான அந்த ஆய்வின்படி, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்தது. கோடரியும் கலப்பையும் வருவதற்கு வெகு காலம் முந்தியது அந்தப் புல்.

துரைமார்கள் ஏறிய மலை

1821-ல் லெப்டினன்ட் வார்டு என்பவர் அரசுக்காகப் பழனி மலையை அளந்தார். 1845-ல் மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அவர்கள் காட்சி பார்க்க வரவில்லை. சமவெளியின் வெயிலுக்கும் நோய்க்கும் தப்பி வந்தவர்கள். பெரியகுளத்துக்கு அருகே கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள். டோலி சுமந்தவர்களுக்கு அது உல்லாசப் பயணமாக இருந்திருக்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச் சதுப்பான பள்ளத்தாக்கு ஒன்றுக்குக் கரை போட்டு ஏரியாக்கினார். ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்பு. தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்து விட்டார். ஊரின் பொழுதுபோக்கு அன்று தொடங்கியது எனலாம். 1875-ல் ரயில் அம்மையநாயக்கனூர் வழியாக ஓடத் தொடங்கியது. இன்று 'கொடைக்கானல் ரோடு' என்று பெயர்ப் பலகை வைத்திருக்கும் நிலையம் அதுதான். பிறகு கிளப், படகுக் குழாம், கோல்ஃப் திடல், 1908-ல் பிரயண்ட் பூங்கா என்று வரிசையாக வந்தன. இதற்கிடையே வானாய்வுக்கூடம் ஒன்றும் வந்தது. 1909-ல் எவர்ஷெட் அங்கேதான் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டறிந்தார். அது தனிக் கட்டுரைக்குரிய செய்தி.

பங்களா கட்டியவர்களுக்குக் கணப்புக்கு விறகு வேண்டியிருந்தது. சோலை மரம் மிக மெதுவாக வளரும். வெட்டினால் திரும்ப வர ஒரு தலைமுறை போதாது. அதனால் வேகமாக வளரும் ஆஸ்திரேலிய மரங்களைக் கொண்டுவந்தார்கள். நடுவதற்கு இடம்? கண்முன்னே புல்வெளி 'வெறுமனே' கிடந்ததே! ஐரோப்பியரின் கண்ணுக்கு மரம் இருந்தால்தான் காடு. மரமில்லாதது தரிசு. 1882-ல் சென்னை மாகாணக் காட்டுச் சட்டம் வந்து, மலை நிலங்கள் காப்புக்காடுகளாகப் பிரிக்கப்பட்ட பிறகும் இந்தக் கண்ணோட்டம் மாறவில்லை. விடுதலைக்குப் பின்னும் மாறவில்லை. என் கருத்தில், பின்னால் நேர்ந்த அத்தனைக்கும் வேர் இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது: தரிசு.

தோலுக்கு ஒரு மரம்

இப்போது திண்டுக்கல்லுக்கு இறங்கி வருவோம். பூட்டுக்குப் பெயர் போன இந்த ஊர், தோல் பதனிடுவதற்கும் பெயர் போனது. டி. செல்வராஜ் எழுதி 2012-ல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற 'தோல்' நாவல் இந்த ஊர்த் தோல் தொழிலாளர்களின் கதைதான்.

பச்சைத் தோல் இரண்டு நாளில் அழுகும். அதிலுள்ள கொல்லாஜன் என்ற புரத இழைகளோடு டானின் என்னும் துவர்ப்புப் பொருள் பிணைந்துவிட்டால் அழுகாது. அப்போதுதான் அது செருப்புக்கும் பைக்கும் ஆகும் தோலாகிறது. நம் முன்னோர் இதற்குக் கடுக்காயையும், சமவெளியில் தானாக வளரும் ஆவாரையின் பட்டையையும் பயன்படுத்தினார்கள். கறுப்பு வாட்டில் மரத்தின் பட்டையில் ஆவாரம்பட்டையைப்போல ஏறத்தாழ இருமடங்கு டானின் உண்டு. நீலகிரியில் இதைச் சீகை மரம் என்பார்கள். இதைப் பெருமளவில் பயிரிட்டு உலகுக்கு விற்றது தென்னாப்பிரிக்கா. அந்நாட்டின் நிறவெறிக் கொள்கையைக் கண்டித்து, 1946-ல் இந்தியா அதனுடன் வணிகத்தை நிறுத்திக்கொண்டது. தோலோ, நமக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் சரக்கு. அதற்கான பட்டையை உள்நாட்டிலேயே விளைவிப்போம் என்று நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளில் வாட்டில் நடப்பட்டது. யூகலிப்டஸும் பைனும் மரக்கூழுக்காகவும் பலகைக்காகவும் கூடவே பரவின. சிறுமுகையில் அப்போது இயங்கிய விஸ்கோஸ் ஆலைக்கு மலையிலிருந்து மரம் போனது.

இதைச் செய்தவர்களை இன்று குறை கூறுவது எளிது. அவர்கள் நாட்டுக்கு நன்மை என்று நம்பியே நட்டார்கள். புல்வெளி என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதை எவரும் அளந்து பார்த்திருக்கவில்லை.

புல் செய்த வேலை

புல்வெளியின் அடியில் கறுத்த, பஞ்சு போன்ற மண் இருக்கிறது. மழைநீரை அது உறிஞ்சி வைத்து, மழை நின்ற பிறகும் மாதக்கணக்கில் ஓடைகளுக்கு விடுகிறது. வறண்ட மாதங்களில் புல் காய்ந்து ஓய்ந்துவிடும். நீரை அதிகம் குடிக்காது. ஆழமாக வேர்விட்டு ஆண்டு முழுதும் பசுமையாக நிற்கும் யூகலிப்டஸ், பங்குனியிலும் சித்திரையிலும்கூட நீரை இழுத்து இலை வழியே ஆவியாக்கிக்கொண்டே இருக்கும்.

நீலகிரியில் கிளென்மார்கன் என்னும் இடத்தில், அடுத்தடுத்துள்ள இரு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றைப் புல்லும் சோலையுமாக விட்டு, மற்றதில் யூகலிப்டஸ் நட்டு, ஓடி வந்த நீரை ஆண்டுகணக்கில் அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் மரம் நட்ட பகுதியின் நீர் வரத்து ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. கோடைக்கால ஊற்றுநீரின் குறைவு இதைவிடக் கடுமையாக இருந்தது.

இதன் பொருளை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். ஒரு சதுரக் கிலோமீட்டரில் பத்து லட்சம் சதுர மீட்டர்கள். எனவே அதன் மீது ஒரே ஒரு மில்லிமீட்டர் நீர் குறைந்தால் குறைவது பத்து லட்சம் லிட்டர். ஆளுக்கு 100 லிட்டர் வீதம், பத்தாயிரம் பேருக்கு ஒரு நாள் தண்ணீர். இனி அணைகளை எண்ணிப் பாருங்கள்: மஞ்சளாறு, மருதாநதி, வரதமாநதி, பரப்பலாறு, குதிரையாறு, பாலாறு-பொருந்தலாறு. எல்லாம் பழனி மலை நீர். திண்டுக்கல் நகருக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கமும் இம்மலைச் சரிவுகளின் ஓடைகளை நம்பியே இருக்கிறது.

புல்வெளி இப்போது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டவர்கள், நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று கண்டார்கள். மரத் தோட்டங்களும் வேளாண்மையும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாரக்கணக்கில் பட்டைச் சாற்றில் ஊறவைப்பதற்குப் பதிலாக ஓரிரு நாளில் வேலையை முடிக்கும் குரோமிய முறை தோல் தொழிலில் பரவியது. மலையில் நட்ட வாட்டிலுக்குத் தேவை குறைந்தது. ஆனால் மரம் நிற்கவில்லை. வாட்டில் விதை மண்ணுக்குள் பல்லாண்டுகள் உறங்கும். தீப்பட்டால் விழித்து முளைக்கும். வெட்டினால் நூறு கன்றாக எழும். கீழே திண்டுக்கல்லில், தோல் ஆலைக் கழிவு கிணறுகளைக் கெடுத்தது. தமிழகத் தோல் ஆலைகளைப் பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பில் குறிப்பிடப்படும் மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. ஒரே தொழில், மலை மேல் ஊற்றையும் சமவெளியில் கிணற்றையும் தொட்டுவிட்டது.

வெட்டுவதா, விடுவதா?

2013-ல் அரசு ஏறத்தாழ 609 சதுரக் கிலோமீட்டரைக் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. அயல் மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்க வேண்டும் என்ற கோரிக்கையும் வலுத்து வருகிறது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் பழைய வாட்டில், பைன் தோட்டங்கள் சிலவற்றுக்குள் போய்ப் பார்த்தால், நிழலில் சோலை மரக் கன்றுகள் முளைத்திருக்கின்றன. உறைபனியிலிருந்து காக்கும் கூரையை அயல் மரமே தந்துவிட்டது! இங்கே வாட்டிலை வெட்டினால் கன்றும் போகும். விட்டாலோ, அது புல்வெளியாகத் திரும்பாது, நாளடைவில் சோலையாகும். அறிஞர்கள் இதில் இரு பக்கமாகப் பிரிந்திருக்கிறார்கள். சோலைக் கன்று தென்படும் இடத்தை விட்டுவிட்டு, வாட்டில் புதிதாகப் பரவிவரும் புல்வெளி ஓரங்களில் முதலில் கை வைப்பதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. விதை இன்னும் மண்ணில் குவியாத இடம் அதுதான்.

பொழுதுபோக்குக்கு வருபவர் கூட்டமும் சேர்ந்துகொண்டது. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடைப் பருவத்துக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. மேலே போகிறவர்களை இப்படி எண்ணிவிடலாம். மேலே போகாமலே அம்மலையைக் குடித்துக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கானோர் எந்தக் கணக்கிலும் இல்லை.

அடுத்த முறை போகும்போது பைன் காட்டோடு திரும்பிவிடாதீர்கள். மன்னவனூர்ப் பக்கம் இன்னும் திறந்த புல்வெளி கொஞ்சம் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி, அப்படிப்பட்ட திறந்த சரிவுகளில்தான் வளரும். வாட்டில் நிழல் அதற்கு ஆகாது. 2006-ல் பூத்தது. 2018-ல் பூத்தது. அந்தப் பூவின் விதைகளிலிருந்து முளைத்த செடிகள் இப்போது வளர்ந்துகொண்டிருக்கின்றன. அவை பூக்க வேண்டிய ஆண்டு 2030.