விளக்கின் புகழும் கலத்தின் தொண்டும்

கலங்கரை விளக்கத்தைப் போற்றுவோர் பலர். அதற்கு ஊழியம் புரிந்த கலங்களை எண்ணுவோர் சிலரே. ஜொகூரின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால், சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில், பத்து பூத்தே என்னும் பாறை உள்ளது. அதன்மீது ஜான் டர்ன்புல் தாம்சன் என்பார் 1850, 1851ஆம் ஆண்டுகளில் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தை எழுப்பினார். கருங்கற்கள் புலாவ் உபினிலிருந்து கடல்வழி வந்தன.

வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பாறையில் பணி நின்றது. கடற்கொள்ளையர் அச்சமும் நிலவியது. எனவே கிழக்கிந்தியக் கும்பினியின் ‘ஹூக்ளி’ நீராவிக் கப்பலும் பீரங்கிப் படகுகளும் அப்பணிக்கு அளிக்கப்பெற்றன. போருக்கென அமைந்த படகுகள் ஆக்கத்திற்குக் காவலாயின. 1851 அக்டோபர் 15ஆம் நாள் விளக்கு ஒளிர்ந்தது.

அப்பாறைக்காக இரு நாடுகள் வழக்காடின. 2008இல் அது சிங்கப்பூருக்கு உரியதென அனைத்துலக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்கலங்களுக்காக வாதாடுவார் எவருமிலர். வரலாறு கற்பிக்கும் நாமாவது அவற்றை நினைவிற் கொள்வோமாக!