கேம் திணறுதா? கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு கொடுக்கும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

மூன்று, நான்கு வருடத்துக்கு முன்பு ஆசையாக அசெம்பிள் செய்த கேமிங் கம்ப்யூட்டர், இப்போது புது கேம்களில் திக்கித் திணறுகிறது. நண்பர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "கார்டை மாத்திடு." நடுத்தர ரக கிராபிக்ஸ் கார்டு ஒன்றுக்கே 18 சதவீத ஜிஎஸ்டி உட்பட 30,000 ரூபாய் அளவில் ஆகிவிடும். வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடமே ஆன பலருக்கு அது ஒரு மாதச் சம்பளம்.

ராம் விலையும் முன்பு போல இல்லை. மெமரி சிப்களை ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் விலை கிடுகிடுவென ஏறியது. அந்த டிசம்பரில், க்ரூஷியல் என்ற பெயரில் சாதாரண வாடிக்கையாளர்களுக்கு ராம், எஸ்எஸ்டி விற்கும் தொழிலில் இருந்து விலகுவதாக மைக்ரான் நிறுவனமே அறிவித்தது. 'சும்மா இன்னொரு 16 ஜிபி போட்டுப் பார்ப்போம்' என்று பரிசோதனை செய்கிற காலம் இது இல்லை.

எந்தப் பாகம் பின்தங்குகிறது என்று தெரியாமல் வாங்கினால் காசும் போகும், பிரச்னையும் அப்படியே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. ஓரிரண்டு இலவச மென்பொருள், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

எந்தப் பாகம் பின்தங்குகிறது?

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள், கேம் ஓடும்போதே திரையின் மூலையில் எஃப்பிஎஸ், கார்டின் பயன்பாடு, வெப்பம், மெமரி எல்லாவற்றையும் காட்டும். உங்கள் கார்டு எந்த நிறுவனத்துடையது என்றாலும் இது வேலை செய்யும். முதலில் கேம் செட்டிங்ஸில் வி-சிங்க், எஃப்பிஎஸ் லிமிட் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கார்டு அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளும், நீங்கள் பார்க்கும் எண்கள் தவறான கதை சொல்லும். பிறகு, வழக்கமாகத் திணறும் அதே மேப்பில் பத்து நிமிடம் விளையாடுங்கள்.

கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டுதான் எல்லை. அது 60, 70 சதவீதத்தில் தொங்கிக்கொண்டு, எஃப்பிஎஸ்ஸும் குறைவாக இருந்தால், கார்டு காத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிராசஸரோ ராமோ அதற்குப் போதிய வேகத்தில் வேலை கொடுக்கவில்லை. புதுக் கார்டு போட்டாலும் அதுவும் இப்படித்தான் காத்திருக்கும்.

பலர் ஏமாறுவது டாஸ்க் மேனேஜரைப் பார்த்து. அதில் பிராசஸர் 40 சதவீதம் என்று காட்டும். 'பாதிகூட வேலை செய்யலையே, அப்போ பிராசஸர் நல்லாத்தானே இருக்கு' என்று தோன்றும். அது எல்லாக் கோர்களின் சராசரி. பல கேம்களின் முக்கிய வேலை ஒன்றிரண்டு கோர்களில்தான் நடக்கிறது. அவை நிரம்பிவிட்டால் மற்ற கோர்கள் சும்மா இருந்தும் பயனில்லை.

சந்தேகம் தீரவில்லையா? ரெசல்யூஷனை 1080-ல் இருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கார்டின் சுமை குறைந்திருக்கிறது, அதாவது கார்டுதான் தடையாக இருந்திருக்கிறது. எஃப்பிஎஸ் அசையவே இல்லை என்றால் பிராசஸர் பக்கம் பாருங்கள்.

சராசரி எஃப்பிஎஸ் நன்றாகவே இருந்தும் அடிக்கடி வெட்டி வெட்டி ஓடினால் அது வேறு விஷயம். கார்டின் சொந்த மெமரி நிரம்பியிருக்கலாம். 8 ஜிபி கார்டுகளில் புதிய கேம்களை அல்ட்ரா டெக்ஸ்சரில் ஓட்டினால் இது சகஜம். டெக்ஸ்சரை ஒரு படி குறைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும், படத்திலும் பெரிய வித்தியாசம் தெரியாது. கேம் இன்னமும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தாலும் இதே மாதிரி வெட்டும். எஸ்எஸ்டிக்கு மாற்றிப் பாருங்கள்.

பைசா செலவில்லாத திருத்தங்கள்

சிரிக்காதீர்கள், முதலில் மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். அது கிராபிக்ஸ் கார்டில் இருக்க வேண்டும். மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் செருகிவிட்டு, பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸில் மாதக்கணக்கில் விளையாடுபவர்கள் உண்டு. அடுத்து, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியிருந்தால் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அது 60-லேயே நிற்கிறதா என்று பாருங்கள்.

ராமில் இரண்டு விஷயம். ஒரே 16 ஜிபி குச்சியைவிட இரண்டு 8 ஜிபி குச்சிகள் பிராசஸர் தடையாக இருக்கும் கேம்களில் நல்ல பலன் தரும். காரணம் டூயல் சேனல். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு குச்சிகளைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் அது பெரும்பாலும் கிடைக்காது. பிராசஸரில் இருந்து எண்ணினால் பொதுவாக இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகள்தான் சரி. இன்னொன்று, பெட்டியில் 3200 என்று போட்டிருக்கும் டிடிஆர்4 ராம், பயாஸில் எக்ஸ்எம்பி என்ற வசதியைப் போடும் வரை 2133, 2400, 2666 என ஏதோ ஒரு குறைந்த வேகத்தில்தான் ஓடும். டிடிஆர்5-லும் இதே கதைதான். ஏஎம்டி போர்டுகளில் எக்ஸ்போ என்ற பெயரில் இருக்கலாம். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை வருடக்கணக்கில் பயன்படுத்தாமலே இருப்பது இந்த இடத்தில்தான் அதிகம்.

அப்புறம் வெப்பம். அறையின் சூடு 10 டிகிரி கூடினால் சிப்பின் சூடும் கிட்டத்தட்ட அந்த அளவு கூடும். ஜனவரியில் சரியாக ஓடிய கேம் மே மாதத்தில் மட்டும் தடுமாறினால் காரணம் இதுதான். இன்டெல்லின் பல டெஸ்க்டாப் பிராசஸர்கள் 100 டிகிரியை நெருங்கினால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரைசன் 5000 வரிசையில் பலவற்றுக்கு எல்லை 90. எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் இதைப் பார்க்கலாம். தூசியை ப்ளோயர் வைத்து ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு வருடம் ஆன பிராசஸருக்கு தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள், சில நூறு ரூபாய்தான்.

எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், சுவர் பிளக்

கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்தான் பல அசெம்பிள் கம்ப்யூட்டர்களின் பலவீனம். மேலே 450 வாட் என்று ஒட்டியிருக்கும். கார்டுக்குத் தேவையான 12 வோல்ட் பகுதியில் அது எவ்வளவு தரும் என்பதைப் பக்கவாட்டு லேபிளில்தான் தேட வேண்டும், சிலவற்றில் அதுவும் இருக்காது. 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்லும். பாதுகாப்பு வசதிகளைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

கணக்கு எளிது. மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரை தரும், 6 பின் கேபிள் இன்னொரு 75, 8 பின் கேபிள் 150. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டின் தேவை 170 வாட். ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 போதும். ஆனால் கார்டுகள் ஒரு கண நேரத்துக்கு இந்த அளவைத் தாண்டி இழுக்கும். பலவீனமான எஸ்எம்பிஎஸ் அந்த நேரத்தில் பாதுகாப்புக்காக அணைந்துவிடும். கேமில் பெரிய சண்டைக் காட்சி வரும்போது மட்டும் கம்ப்யூட்டர் பட்டென்று அணைவது இப்படித்தான். எஸ்எம்பிஎஸ்ஸில் 8 பின் இல்லை என்று சாட்டா கேபிளில் அடாப்டர் மாட்டுவது வேண்டவே வேண்டாம். அந்த கனெக்டர் சுமார் 54 வாட்டுக்குத்தான் தயாரிக்கப்பட்டது, உருகிவிடும். மாடுலர் எஸ்எம்பிஎஸ் மாற்றினால் பழைய கேபிள்களை அப்படியே விடாதீர்கள். துளை பொருந்தினாலும் உள்ளே வயரிங் வேறாக இருக்கலாம், ஒரே நொடியில் எஸ்எஸ்டி போய்விடும்.

கரண்ட் போனதும் யுபிஎஸ் இருந்தும் கம்ப்யூட்டர் அணைகிறதா? 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், விஏ வேறு, வாட் வேறு. பிரௌசரில் வேலை பார்க்கும்போது தாங்கும், கேமின் நடுவில் தாங்காது. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டினால் அதன் பின்னால் உள்ள சுவிட்ச் யுபிஎஸ் மோடில் இருக்கிறதா பாருங்கள். சாதாரண மோடில் மின்சாரம் மாறும் நேரம் கம்ப்யூட்டருக்கு நீளம்.

கேபினட்டைத் தொட்டால் கை லேசாகச் 'சுருக்' என்கிறதா? இந்தியா முழுக்க வாடகை வீடுகளில் இது உண்டு, 'அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிறார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிப் பகுதி மிகச் சிறிய கசிவு மின்சாரத்தை உலோக உடலுக்கு அனுப்பும், அது எர்த் வயர் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் உங்கள் கை வழியாகப் போகும். இங்கே சிக்கனம் வேண்டாம், எலக்ட்ரீஷியனை அழைத்து அந்தப் பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

ஆன் ஆகவில்லை, கிராஷ் ஆகிறது: யார் குற்றவாளி?

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. பல புதிய மதர்போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சின்ன விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தொடங்குங்கள். டிராம் என்றால் ராமைக் கழற்றி, ஒரே குச்சியை மட்டும் போட்டுப் பாருங்கள். நம்ம ஊர்க் கடைக்காரர்கள் ராமின் தங்க நிற முனையைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். முனையில் படிந்த அழுக்கு போவதால் அது பல நேரம் வேலை செய்யும்தான். ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, மென்மையாகத் தேய்த்தால் போதும்.

கேம் நடுவில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று இருந்தால் அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். 'முறையாக அணைக்கப்படவில்லை' என்பதைத் தவிர அது எதுவும் சொல்லவில்லை. நீலத் திரை வந்து அணைந்தால் டிரைவர் அல்லது ராம் மீது சந்தேகப்படலாம், மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு இரவு ஓட விடுங்கள். சுவிட்சைத் தட்டியது போல அணைந்தால் எஸ்எம்பிஎஸ் அல்லது வெப்பம்.

'அவுட் ஆஃப் வீடியோ மெமரி' என்று பிழை காட்டினால் யாருமே கார்டைத்தான் திட்டுவார்கள். இன்டெல்லின் 13, 14-வது தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். அன்ரியல் எஞ்ஜின் கேம்களில் இந்தப் பிழை வந்த பலருக்கு, பழுதாகியிருந்தது பிராசஸர். தேவைக்கு அதிகமான வோல்ட்டேஜ் காரணம் என்று 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு பயாஸ் அப்டேட் வழியாகத் திருத்தம் தந்தது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு, பெட்டியோடு வாங்கியிருந்தால், வாரன்டியை இரண்டு வருடம் நீட்டி மொத்தம் ஐந்தாக்கியது. அப்டேட் புதிய சேதத்தைத்தான் தடுக்கும், ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பைச் சரிசெய்யாது. பிழை தொடர்ந்தால் பிராசஸரையே மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.

வாலரண்ட், பேட்டில்ஃபீல்ட் 6 போன்றவை செக்யூர் பூட் கேட்டு அடம்பிடித்தால் அது பழுது அல்ல, பயாஸ் செட்டிங். அதை மாற்றும் முன் இரண்டைப் பாருங்கள். விண்டோஸ் இருக்கும் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருந்தால் செக்யூர் பூட்டுக்கு மாற்றிய பின் கம்ப்யூட்டர் பூட் ஆகாது. முதலில் ஜிபிடி முறைக்கு மாற்ற வேண்டும், அதற்கான கருவி விண்டோஸிலேயே உண்டு. பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெகவரி கீயைப் போனில் எடுத்து வையுங்கள். ஆபீஸ் வேலையும் இதே மெஷினில் பார்க்கிறவர்களுக்கு, திங்கள் காலை அந்த நீலத் திரை நல்ல தொடக்கம் இல்லை.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

பிராசஸர்தான் தடை, உங்களிடம் ரைசன் 2600 அல்லது 3600 இருக்கிறது என்றால், மொத்தத்தையும் தூக்கிப் போடாதீர்கள். பழைய ஏஎம்4 சாக்கெட்டிலேயே 5000 வரிசை வரை உட்காரும். பி450 போர்டில் பயாஸை முதலில் அப்டேட் செய்துவிட்டு 5600 போடலாம். 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி கிடைத்தால் கேமுக்கு இன்னும் நல்லது. போர்டும் டிடிஆர்4 ராமும் அப்படியே தொடரும். இப்போதைய ராம் விலையில் ஏஎம்5-க்குத் தாவுவது, அவசரம் இல்லாதவர்களுக்குத் தேவையற்ற செலவு என்பது நம் கருத்து. இன்டெல் 12-வது தலைமுறையில் இருப்பவர்களுக்கும் அதே சாக்கெட்டில் 14 வரை இடம் இருக்கிறது.

பழைய போர்டில் புதுக் கார்டு போடுவோர் கவனிக்க: ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு லேன்களை மட்டுமே பயன்படுத்துகிறது, பிசிஐஇ 3.0 போர்டில் வேகம் வெகுவாகக் குறையும். ஆர்டிஎக்ஸ் 4060-க்கு எட்டு லேன், இழப்பு சிறியதுதான்.

டெல்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூரு எஸ்பி ரோடு, சென்னை ரிச்சி தெரு என்று எங்கே செகண்ட் ஹேண்ட் கார்டு பார்த்தாலும் கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்ற பிறகு மைனிங்கில் ஓடிய கார்டுகள் நிறையச் சந்தைக்கு வந்தன. மைனிங் கார்டு என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம், ஃபேன் சத்தம், மெமரி வெப்பம், ஸ்க்ரூ மேல் ஸ்டிக்கர் ஆகியவற்றைப் பாருங்கள். புதிதாக வாங்கினால் ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் எழுதச் சொல்லி, பெட்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். 'பில் இல்லாமல் 2,000 குறைச்சுத் தர்றேன்' என்றால் அந்த 2,000 ரூபாய்க்கு மூன்று வருட வாரன்டியை விற்கிறீர்கள். பில் இருந்தும் கடைக்காரர் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.