டூரிங் பைண்டிங்

பனிச்சறுக்குப் பலகையோடு காலணியைப் பூட்டும் கருவி பைண்டிங். கேபிள் கார் எட்டாத சரிவில் தன் காலாலேயே ஏறி, அதே பலகையில் சறுக்கி இறங்குகிறவருக்கானது டூரிங் பைண்டிங். ஏறும்போது குதிகால் தாராளமாக எழ வேண்டும்; இறங்கும்போது அசையக் கூடாது; விழுந்தால் கழன்றுவிட வேண்டும். இந்த மூன்றும் ஒரே கருவியில் கைகூட நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

நார்வேயின் டெலிமார்க் பகுதியைச் சேர்ந்த சோன்ட்ரே நோர்ஹைம், முறுக்கிய மரவேரால் குதிகாலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு 1868இல் கிறிஸ்டியானியா நகரில் நடந்த பனிச்சறுக்குப் போட்டியில் எல்லோரையும் வியக்க வைத்தார். 1894இல் ஃபிரிட்ஸ் ஹூயிட்ஃபெல்ட் முன்பாதத்தை இரும்புத் தகட்டில் பொருத்தினார். பிடி இறுக இறுகக் கால்கள் உடைந்தன. அப்படி 1937இல் காலை முறித்துக்கொண்ட ஹ்யால்மர் ஹ்வாம், அமெரிக்க மருத்துவமனைப் படுக்கையிலேயே தானாகக் கழலும் பைண்டிங்கை வரைந்தார்.

அடுத்த பெரிய மாற்றம் எடையில் வந்தது. கனமான சாதனங்களுடன் மோன் பிளாங்க் சிகரம் ஏறிச் சலித்த ஆஸ்திரியர் ஃபிரிட்ஸ் பார்த்தெல், 1980களில் சட்டம், தகடு எல்லாவற்றையும் தூக்கியெறிந்தார். காலணியின் முனையில் இருபுறமும் சிறு குழிகள். அவற்றைக் கவ்வ இரண்டு ஊசிகள். டைனஃபிட் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றைய டூரிங் பைண்டிங்குகளில் பெரும்பாலானவை இந்த வழிதான்.

இந்தியாவில் இதற்குரிய முக்கியக் களம் காஷ்மீரின் குல்மார்க். 1927இல் பிரிட்டிஷ் அதிகாரிகள் அங்கே ஸ்கீ கிளப் ஆஃப் இந்தியாவைத் தொடங்கினர். 1948 முதல் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப்பள்ளி இயங்குகிறது. 2005இல் கேபிள் காரின் இரண்டாம் கட்டம் அபர்வாத் மலையில் சுமார் 3,950 மீட்டர் வரை எட்டியது. அதற்கு மேலும் பக்கவாட்டிலும் போக நினைப்பவருக்குத்தான் டூரிங் பைண்டிங் தேவைப்படுகிறது. ராணுவத்தின் ஆர்மெக்ஸ்-21 பனிச்சறுக்குப் பயணக் குழு 2021இல் காரகோரம் கணவாயில் புறப்பட்டு உத்தராகண்டின் மலாரி வரை 119 நாளில் 1,660 கிலோமீட்டரைக் கடந்தது.

புதியவர் முதலில் பார்க்க வேண்டியது காலணி. ஊசிக்குழி இல்லாத சாதாரண ஸ்கீ காலணி இதில் பூட்டாது. அடுத்து, கழலும் விசை. எடை, உயரம், வயது, திறமை, காலணியின் நீளம் ஆகியவற்றைக் கணக்கிட்டு அதை அமைக்க வேண்டும். இது குத்துமதிப்பாகச் செய்யும் வேலையல்ல. விவரம் தெரிந்த கடைக்காரரிடம் விட்டுவிடுவதே நல்லது.

மலையில் தொல்லை தருவது பெரும்பாலும் பனிக்கட்டிதான். முன்பக்க ஸ்பிரிங்கின் அடியிலோ குழிகளிலோ அது அடைத்துக்கொண்டால் ஊசிகள் முழுதாகக் கவ்வாது. பூட்டுமுன் சுரண்டிவிட்டு, பூட்டியபின் காலை ஆட்டிப் பார்க்க வேண்டும்.

ஏறும்போது முன்பக்க நெம்பை மேலே இழுத்து ஊசிகளைப் பூட்டுவது வழக்கம். உச்சியில், ஏறும்போது வழுக்காதிருக்கப் பலகையடியில் ஒட்டிய ஸ்கின் துணியை உரித்து, குதிகாலைப் பூட்டும் அவசரத்தில், அந்த நெம்பைத் தளர்த்தப் பலர் மறந்துவிடுகிறார்கள். பூட்டிய முனை விழுந்தாலும் எளிதில் கழலாது. பனிச்சரிவில் சிக்கினால் பலகையே ஆளைக் கீழே இழுக்கும். இறங்கத் திரும்புமுன் கடைசியாக ஒருமுறை அந்த நெம்பைப் பாருங்கள்.