குருந்தக்கல்லும் வைப்பர் மோட்டாரும்

உளி தீட்டுகிறவர்கள் பெரும்பாலும் சரிவாக இருக்கும் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். என் பெரியப்பா தச்சர். உளியைக் கையில் வாங்கியதும் திருப்பிப் போட்டுத் தட்டைப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். "இது மட்டமா இல்லேன்னா அந்தப் பக்கம் எம்புட்டுத் தீட்டினாலும் சாணைக்காரனுக்குத்தான்டா லாபம்" என்பார். லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லர் அடித்துக்கொடுத்த உளிகள் அவை. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கும்போது இரும்பு லேசாக வளைந்துவிடும். அந்த வளைவைக் கல்லில் தேய்த்தே எடுக்கவேண்டும். ஓர் உளிக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

நான் தச்சுக்குப் போகவில்லை. ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்து, முப்பத்தைந்து வருஷம் அரத்தோடும் ஸ்கிரேப்பரோடும் கழித்து ஓய்வு பெற்றேன். பரணில் கிடந்த அவருடைய ஆறு உளிகளை இறக்கியபோது, கையால் தேய்க்க மனமில்லை, மூட்டும் இடம் கொடுக்கவில்லை. பழைய கார் ஒன்றின் வைப்பர் மோட்டார், இரண்டு டிராயர் சேனல், 12 மி.மீ. கண்ணாடித் துண்டு, அதன்மேல் ஒட்டிய உப்புத்தாள்: இவைதான் என் இயந்திரம். மோட்டார் சுற்றினால் தண்டு முன்னும் பின்னும் போகும், தண்டோடு உளியும் போகும். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

உப்புத்தாளில் உப்பு கிடையாது. அதில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பொடியான கார்போரண்டத்தின் பெயரில் நம் ஊர்ச் சொல் இருக்கிறது. மிகக் கடினமான கனிமங்களில் ஒன்றுக்குத் தமிழில் குருந்தம், வடமொழியில் குருவிந்தம். ஆங்கிலத்தின் கோரண்டத்துக்கு அகராதிகள் வேர்ச்சொல்லாகக் காட்டுவது நம் குருந்தத்தைத்தான். 1798இல் சார்லஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர் ஆசியாவிலிருந்து வந்த இந்தக் கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் வெள்ளைப் பாறைக்குள் குருந்தம் பதிந்து கிடக்கிறது. (சந்திரயான்-2 சோதனைக்காக நிலவு மண்ணைப் போன்ற மண்ணைச் செய்ய இஸ்ரோ எடுத்துப்போனதும் அந்தப் பக்கத்துப் பாறையைத்தான். நிலவுக்கும் உளிக்கும் ஒரே ஊர்.)

பழைய சாணைச் சக்கரம் வெட்டியெடுத்த கல் அல்ல, வார்த்த சக்கரம். குருந்தத்தைப் பொடித்து, அரக்கை உருக்கி, இரண்டையும் பிசைந்து வட்டமாக அமுக்கிவிடுவார்கள். அச்சில் வாரைச் சுற்றி ஓர் ஆள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி இழுக்க, இன்னொருவர் கத்தியைப் பிடிப்பார். சக்கரம் ஒரே திசையில் சுற்றாது, போய்ப் போய்த் திரும்பும். தேய்ந்துபோனால் மறுபடி அரக்கை உருக்கிப் புதிதாக வார்த்துக்கொள்ளலாம். மணிக்கல் பட்டை தீட்டியவர்களும் வாள் தீட்டியவர்களும் இப்படித்தான் செய்தார்கள்.

அந்தச் சக்கரத்துக்கு முடிவு அமெரிக்காவில் வந்தது. 1891இல் பென்சில்வேனியாவில் எட்வர்ட் அச்செசன் செயற்கையாக வைரம் மாதிரி ஒன்றைச் செய்யப் பார்த்தார். களிமண்ணையும் கரித்தூளையும் இரும்புக் கிண்ணத்தில் போட்டு மின்சாரம் பாய்ச்சினார். ஆறியதும் கரித்தண்டின் நுனியில் மினுமினுவென்று சில துகள்கள். கண்ணாடியைக் கீறிப் பார்த்தார், கீறியது. கார்பனும் குருந்தமும் சேர்ந்த பொருள் என்று எண்ணி கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கனும் கார்பனும் சேர்ந்தது, குருந்தம் துளியும் கிடையாது. தப்பான பெயர்தான், ஆனாலும் தமிழ்ச் சொல் அதற்குள் மாட்டிக்கொண்டு உலகம் சுற்றியது. 1895இல் மலிவு மின்சாரத்துக்காகத் தொழிற்சாலையை நயாகராவுக்குக் கொண்டுபோனார். 1954இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யூனிவர்சலைத் தொடங்கியது. என் சிறு வயதில் தெருவுக்கு வந்த சாணைக்காரர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு மிதித்தது அரக்குச் சக்கரத்தை அல்ல, கடையில் வாங்கிய சாம்பல் நிறக் கல்லை.

கூர்மைக்குக் கல் போதும். மட்டத்துக்குப் போதாது. இதைத் தெளிவாகச் சொன்னவர் ஜோசப் விட்வொர்த். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பார்த்தவர். ஒரு பரப்பு மட்டமா என்று வைத்துப் பார்க்கும் மட்டத்தகட்டுக்கு அந்தப் பட்டறையில் அப்படி ஒரு மரியாதை. இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று தேய்த்தால் அச்சாகப் பொருந்திவிடும், ஆனால் ஒன்று மேடாகவும் மற்றது குழியாகவும் இருந்தாலும் பொருந்தும். மூன்றாவது தகடு ஒன்றைக் கொண்டுவந்து மூன்றையும் மாற்றி மாற்றிப் பொருத்தினால் அந்த ஏமாற்று செல்லாது. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த ஒரே வழி, மூன்றும் மட்டமாக இருப்பது. 1840இல் கிளாஸ்கோவில் கூடிய அறிவியல் சங்கக் கூட்டத்தில் விட்வொர்த் இன்னொன்றும் சொன்னார்: மட்டத்தகட்டைப் பொடி போட்டுத் தேய்க்காதீர்கள், மேட்டை மட்டும் பார்த்துச் சுரண்டுங்கள். பொடி எங்கே அரிக்கும் என்பது யார் கையிலும் இல்லை. ஐ.டி.ஐ.யில் மேடு தெரிய நீல மை தடவி நாங்கள் சுரண்டியதெல்லாம் அந்தப் பேச்சின் வால்தான். அப்போது அதைத் தண்டனை என்று நினைத்தேன்.

அந்த நீல மைதான் என் இயந்திரத்தையும் மாட்டிவிட்டது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மை தடவிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், உளியின் நடுவில் மட்டும் நீலம் போயிருந்தது. முனை உருண்டுவிட்டது! தண்டு உளியைப் பிடித்திருந்தது கண்ணாடிக்கு 4 செ.மீ. மேலே. அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் உளி மூக்கைக் குத்திக்கொண்டு எழுந்தது. பெரியப்பாவின் கை தவறும்போது ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி தவறும், தவறுகள் ஒன்றையொன்று தின்றுவிடும். மோட்டார் ஒரே தவறை நிமிஷத்துக்கு நாற்பது தடவை செய்தது. பிடியைக் கண்ணாடி மட்டத்துக்கு இறக்கினேன். உப்புத்தாள் ஒரே தடத்தில் தேயாமலிருக்க, இருபது ஓட்டத்துக்கு ஒருமுறை பக்கவாட்டில் நகர்த்த ஒரு திருகும் வைத்தேன். இரண்டாவது உளி தேறியது, நடுவில் அரை நகம் அளவு குழி தவிர.

அந்தக் குழியை விட்டுவிட்டேன். ஜப்பானில் உளியின் தட்டைப் பக்கத்தில் வேண்டுமென்றே குழி வைத்துத்தான் செய்கிறார்கள், அந்தப் பக்கத்துக்கு உரா என்று பெயர். கல்லில் படுவது ஓரம் மட்டும், தேய்க்கவேண்டிய இரும்பும் குறைவு. அதற்கும் சரிவராத உளியை இரும்புத் தகட்டில் பொடி தூவித் தேய்ப்பார்கள்.

எதிர்வீட்டில் கதவு போட வந்திருந்த ஆசாரியிடம் உளியைக் காட்டினேன். வாங்கியதும் திருப்பிப் பார்த்தார், பெரியப்பா மாதிரியே. "நடுவுல குழியிருக்கே சார்?" ஜப்பான் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சார், மோட்டாரு எங்க வாங்குனீங்க?" என்றார்.